ஐஃபோன் கட்சியா, ஆண்ட்ராய்டு கட்சியா? கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் எனக்கு ஒரு சின்ன சர்வீஸ் கடை இருக்கிறது. ஃபோன், லேப்டாப் இரண்டும் பார்க்கிறோம். தொழில் கற்றுக்கொண்டது எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில், மாமாவின் கடையில். வருகிற எல்லோருக்கும் நான் ‘அக்கா’. தமிழிலும் கன்னடத்திலும் அதே சொல்தான் என்பதால், வந்தவர் எந்த ஊர்க்காரர் என்பது அடுத்த வார்த்தை வந்தால்தான் தெரியும். டிஸ்ப்ளே மாற்றினால் பசை காய்கிற வரை உட்கார வேண்டும். கடையில் ஒரே ஒரு பெஞ்சுதான். அதில் ஐஃபோன்காரரும் சாம்சங்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால், பசை காய்வதற்குள் ஒரு பட்டிமன்றமே முடிந்திருக்கும். கடைசியில் நடுவர் தீர்ப்புக்கு என்னிடம் திரும்புவார்கள். அப்படி வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை. கவுண்டரில் ஒரு கையில் ஹீட் கன்னை வைத்துக்கொண்டு அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எது நல்லது அக்கா, ஐஃபோனா ஆண்ட்ராய்டா?

ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். பதிலுக்கு நான் மூன்று கேள்வி கேட்பேன். கையில் எவ்வளவு இருக்கிறது? வீட்டில் மற்றவர்கள் என்ன வைத்திருக்கிறார்கள்? உங்கள் ஊரில் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் இருக்கிறாரா? கடைசிக் கேள்வியை யாரும் யோசிப்பதே இல்லை. இங்கே இருக்கிற வரை கவலையில்லை. வேலையை விட்டுவிட்டு அரூர் பக்கம் போன ஒரு தம்பி, டிஸ்ப்ளே போனதும் ஃபோனைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினான்.

நல்லது கெட்டது என்று பார்த்தால், இன்று 25,000 ரூபாய்க்கு மேல் எதை வாங்கினாலும் உங்கள் தேவைக்கு அது அதிகம்தான். இந்தப் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. கேட்கிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே வாங்கிவிட்டவராக இருப்பார்.

ஒரு ஃபோனுக்காகவா இப்படி அடித்துக்கொள்கிறார்கள்?

ஃபோனுக்காக இல்லை என்பதுதான் என் எண்ணம். இதைப் பற்றிப் படித்த இரண்டு பழைய ஆராய்ச்சிகளைச் சொல்கிறேன். இரண்டுமே கைபேசி என்ற ஒன்று வருவதற்கு முன்னால் நடந்தவை.

முதலாவது 1956-ல் ஜேக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்தது. சில பெண்களிடம் வீட்டு உபயோகச் சாமான்கள் எட்டைக் காட்டி, எது எவ்வளவு பிடிக்கிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். அப்புறம் இரண்டைக் காட்டி, இதில் ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்றார். எடுத்துக்கொண்ட பிறகு மறுபடி மதிப்பெண் கேட்டார். கைக்கு வந்த சாமானுக்கு மதிப்பெண் ஏறியிருந்தது, வேண்டாம் என்று விட்டதற்கு இறங்கியிருந்தது. நடுவில் சாமான் மாறவில்லை. ‘என்னுடையது’ என்று ஆனதுதான் மாற்றம். இலவசமாக வந்ததற்கே இப்படி என்றால், 24 மாத இஎம்ஐ கட்டுகிறவரிடம் போய் ‘தப்பாக வாங்கிவிட்டீர்கள்’ என்று சொன்னால் என்ன ஆகும்?

இரண்டாவது, ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970-ல் வெளியிட்டது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களுக்கு ஓவியங்களைக் காட்டினார்கள். நீ கிளேயின் ஓவியத்தை விரும்புகிற கூட்டம், நீ கண்டின்ஸ்கி கூட்டம் என்று பிரித்துவிட்டார்கள். உண்மையில் அந்தப் பிரிவினை சீட்டுக் குலுக்கிப் போட்டது போலத்தான். எந்தப் பையனும் தன் கூட்டத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. பிறகு ஆளுக்குக் கொஞ்சம் காசு பங்கிடும் வேலையை அவர்களிடமே கொடுத்தார்கள். தன் கூட்டத்துக்குக் கூடப் போட்டார்கள் என்பதில் வியப்பில்லை. தன் கூட்டத்துக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்கூட்டத்தைவிட நாம் நன்றாக மேலே நிற்க வேண்டும் என்றும் பலர் பங்கிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பெஞ்சு ஞாபகம் வந்தது. சேலத்துக்காரப் பையன் ஒருவன் தன் ஃபோன் செத்துக் கிடக்கும்போதும், பக்கத்திலிருப்பவரின் ஃபோனும் செத்துப்போய்தான் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தான்.

இந்தச் சண்டை எப்போது ஆரம்பித்தது?

ஃபோனுக்கு முன்னால் கம்ப்யூட்டர். 1981 ஆகஸ்டில் அன்றைய கம்ப்யூட்டர் ராட்சசன் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, ஆப்பிளுக்கு வயது ஐந்து. பயந்திருக்க வேண்டிய பொடியன், செய்தித்தாளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்து ஐபிஎம்மை ‘வாங்க வாங்க’ என்று வரவேற்றான். மரியாதை போலத் தெரியும், ஆனால் நக்கல். 1984 ஜனவரியில் மெக்கிண்டாஷ் வரும்போது தொலைக்காட்சியில் இன்னொரு விளம்பரம்: மொட்டைத் தலைக் கூட்டம் வரிசையாக உட்கார்ந்து பெரிய திரையில் பேசும் ஒரு முகத்தை வாய் பிளந்து பார்க்கிறது, ஒரு பெண் ஓடிவந்து சுத்தியலை வீசித் திரையை உடைக்கிறாள். கம்ப்யூட்டரை விற்க கம்ப்யூட்டரைக் காட்டவே இல்லை. நீ அந்த மொட்டைக் கூட்டமா, இந்தப் பெண்ணா என்று மட்டும் கேட்டார்கள். சாமானோடு கட்சியையும் சேர்த்து விற்கலாம் என்று அன்றைக்குப் பிடித்த வழிதான் இன்னும் ஓடுகிறது.

இதற்குப் பின்கதை ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 1997-ல் ஆப்பிள் மூழ்குகிற நிலையில் இருந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்திருந்தார். ஆகஸ்ட் 6, பாஸ்டன் நகரில் ஆப்பிள் விசுவாசிகள் நிறைந்த அரங்கம். அதற்குள் அவர்களுக்குப் பரம எதிரியாகிவிட்டிருந்த மைக்ரோசாஃப்ட் ஆப்பிளில் 15 கோடி டாலர் முதலீடு செய்கிறது, மேக் கம்ப்யூட்டருக்கு ஆஃபீஸ் மென்பொருளைத் தொடர்ந்து தரப்போகிறது என்று மேடையில் அறிவிக்கிறார். பின்னால் பிரம்மாண்டமான திரையில் மைக்ரோசாஃப்ட் தலைவர் பில் கேட்ஸின் முகம். சுத்தியல் விளம்பரத்தில் வந்த அதே காட்சி! கூட்டம் எதிர்ப்புக் காட்டி ‘பூ’ என்று கத்தியது. பிழைக்கவைக்கப் பணத்தோடு வந்தவரைப் பார்த்துக் கத்தினார்கள். ஆப்பிள் ஜெயிக்க மைக்ரோசாஃப்ட் தோற்றே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும் என்று ஜாப்ஸ் அவர்களுக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. கம்பெனி சமரசத்துக்கு வந்த பிறகும் ரசிகர் சண்டையில் நின்றார்.

அப்படியானால் கம்பெனிகளுக்குள் சண்டையே இல்லையா?

இருக்கிறது, கோர்ட்டு வரை போன சண்டை. சாம்சங் தன் ஃபோனைக் காப்பியடித்தது என்று 2011 ஏப்ரலில் ஆப்பிள் வழக்குப் போட்டது. 2012-ல் அமெரிக்க ஜூரி 100 கோடி டாலருக்கும் மேல் நஷ்ட ஈடு என்றது. மேல்முறையீடு, மறுவிசாரணை என்று இழுத்து, 2018 ஜூனில் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள்.

இனி அந்த ஏழு வருடத்தில் வேறு என்ன நடந்தது என்று பாருங்கள். இதை நான் பெஞ்சில் வைத்தே காட்டியிருக்கிறேன். ஒரு நாள் ஒருவருக்கு ஐஃபோன் எக்ஸ், இன்னொருவருக்குச் சாம்சங் கேலக்ஸி, இரண்டுக்கும் பேட்டரி மாற்ற வேண்டும். ஐஃபோனுக்கு அடியில் ஐந்து இதழ்ப் பூ மாதிரி தலை வைத்த இரண்டு குட்டித் திருகாணி. அதைக் கழற்றி, விளிம்பைச் சூடு காட்டி, டிஸ்ப்ளேயைப் புத்தகம் மாதிரி பக்கவாட்டில் திறக்க வேண்டும். சாம்சங்குக்குப் பின்பக்கக் கண்ணாடியைச் சூடாக்கி, கிதார் மீட்டும் பிளாஸ்டிக் துண்டு போன்ற ஒன்றைச் சொருகி மெல்ல மெல்ல அறுக்க வேண்டும். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சார், உங்க ஐஃபோன் டிஸ்ப்ளே யாரு செஞ்சது தெரியுமா?” என்றேன்.

“ஆப்பிள்தான்.”

“சாம்சங்.”

அவர் நம்பவில்லை. 2017-ல் வந்த அந்த மாடலுக்கு ஓஎல்இடி திரை கொடுத்தது சாம்சங்தான். 2007-ல் வந்த முதல் ஐஃபோனின் மூளையான பிராசஸர் சிப்பையும் சாம்சங்தான் தயாரித்துக் கொடுத்தது. வழக்கு நடந்த வருடங்களிலும் ஐஃபோன் சிப்புகள் சாம்சங் ஆலையில் தயாராகின. ஐஃபோன் கேமராவின் சென்சார் சோனியுடையது, ஆப்பிள் தலைவர் டிம் குக்கே 2022-ல் சொன்னார். ஐஃபோனில் கூகுள் தேடல் தானாக வருகிறது அல்லவா, அந்த இடத்துக்காக கூகுள் 2022-ல் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர் என்று அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளியானது. ஆண்ட்ராய்டுக்குச் சொந்தக்காரர் கூகுள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

அன்றைக்குச் சாம்சங்காரர் ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தார். ஐஃபோன்காரர் கடைசியில் சொன்னார்: “சரி அக்கா, செஞ்சது அவன். செய்யச் சொன்னது நாங்க.” அந்த ‘நாங்க’ என்ற சொல்லைக் கவனித்தீர்களா? அவர் மாரத்தஹள்ளியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர்.

ஒருவரை ஒருவர் விளம்பரத்தில் கேலி செய்கிறார்களே, அதையாவது நம்பலாமா?

சார்ஜர் கதை ஒன்று போதும். 2020 அக்டோபரில் ஐஃபோன் 12 பெட்டியில் சார்ஜரை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஃபோனோடு சார்ஜர் வரும் என்று சாம்சங் சமூக ஊடகத்தில் குத்திக் காட்டியது. மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில் கேலக்ஸி எஸ்21 வந்தது. பெட்டியில் சார்ஜர் இல்லை. அந்தப் பழைய கிண்டல் பதிவும் காணாமல் போனது. ஹெட்ஃபோன் ஓட்டையிலும் இதே கதைதான். ஆப்பிள் எடுத்ததற்குச் சிரித்தார்கள், 2019-ல் நோட் 10-ல் தாங்களும் எடுத்தார்கள்.

இந்த விஷயத்தில் என் வருத்தம் வேறு. இவர்கள் கேலி செய்து முடிப்பதற்குள் என் கடையில் இரண்டு கட்சிக்கும் தனித்தனி கேபிள் வாங்கி அடுக்கினேன். ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, 2023-ல் ஐஃபோன் 15-ல் யுஎஸ்பி-சி வந்த பிறகு ஒரே கேபிள். ரசிகர்கள் பத்து வருடம் விவாதித்துத் தீராதது ஒரு சட்டத்தில் தீர்ந்தது. பழைய ஐஃபோன்களுக்கான லைட்னிங் கேபிள் 40 இன்னும் என் அலமாரியில் கிடக்கிறது, வேண்டுமானால் சொல்லுங்கள்.

இண்டெலா, ஏஎம்டியா?

இது எஸ்.பி. ரோட்டுச் சண்டை. சொந்தமாக கம்ப்யூட்டர் பூட்டுகிற பையன்கள் தாள் துண்டில் பட்டியல் எழுதிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார்கள். பிராசஸர் வரியில் வந்ததும் நின்றுவிடுவார்கள்.

இண்டெல் 1968-ல் தொடங்கியது, ஏஎம்டி 1969-ல். இரண்டையும் தொடங்கியவர்கள் ஃபேர்சைல்ட் என்ற ஒரே கம்பெனியிலிருந்து வெளியே வந்தவர்கள், ஒரு வீட்டிலிருந்து தனிக்குடித்தனம் போன மாதிரி. ஐபிஎம் தன் கம்ப்யூட்டருக்குச் சிப் வாங்கும்போது, ஒருவரை மட்டும் நம்ப முடியாது, இன்னொருவரும் இதையே செய்து தர வேண்டும் என்று கேட்டது. அதனால்தான் இண்டெல் தன் சிப்பைச் செய்ய ஏஎம்டிக்கு 1982-ல் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தது. பிறகு அதே ஏஎம்டி 2003-ல் 64 பிட் வடிவத்தைக் கொண்டுவர, அடுத்த வருடம் இண்டெல் அதைத் தழுவிக்கொண்டது. ஆக, இண்டெல் கட்சிக்காரர் லேப்டாப்புக்குள் ஏஎம்டியின் மூளையும், ஏஎம்டிகாரர் உள்ளே இண்டெலின் மூளையும் இருக்கிறது.

கிராஃபிக்ஸ் கார்டு சண்டையில் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங்கும் ஏஎம்டியின் லிசா சூவும் எதிரெதிர் அணித் தலைவர்கள். இருவரும் தைவானில் பிறந்து அமெரிக்கா போனவர்கள், தூரத்து உறவும்கூட. 2025 செப்டம்பரில் என்விடியா 500 கோடி டாலரை இண்டெலில் போடுவதாக அறிவித்தது. இதற்கு மேல் யார் எந்தக் கட்சி என்று நான் எப்படிச் சொல்ல?

வாங்குகிறவருக்கு ஒரே ஒரு குறிப்பு: பிராசஸரோடு, அது உட்காருகிற மதர்போர்டின் சாக்கெட் எத்தனை வருடம் தாங்கும் என்றும் பாருங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் பல தலைமுறை ரைசன் பிராசஸர்களைத் தாங்கியது. 2017-ல் போர்டு வாங்கிய பலர், பயோஸ் என்ற போர்டின் அடிப்படை மென்பொருளை அப்டேட் செய்து வெறும் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். இண்டெலில் அதே காலத்தில் போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டி வந்தது. இது கட்சிப் பேச்சு இல்லை, காசுப் பேச்சு.

ஒரு பக்கம் போய்விட்டால் திரும்பி வரவே முடியாதா?

வரலாம், கொஞ்சம் கால் வலிக்கும். கால் என்று சொல்லக் காரணம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் முதல் பிராண்டுச் சண்டை மோட்டார் சைக்கிளுக்கு. அப்பா யெஸ்டி கட்சி, மைசூரில் செய்தது. சித்தப்பா புல்லட் கட்சி, சென்னை திருவொற்றியூரில் செய்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில் ஆரம்பித்தால் காபி நேரம் வரை ஓடும். அந்தக் காலத்து புல்லட்டுக்கு கியர் வலது காலில், பிரேக் இடது காலில். யெஸ்டிக்கு நேர் எதிர். அதுமட்டுமில்லாமல் யெஸ்டியில் கியர் போடுகிற அதே கம்பியை மேலே தூக்கினால் அதுதான் கிக்கர். ஒரு நாள் அவசரத்துக்கு அப்பா வண்டியை எடுத்த சித்தப்பா, தெருமுனையில் மாடு குறுக்கே வர, இடது காலால் ஓங்கி ‘பிரேக்’ அடித்தார். கியர்தான் மாறியது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, பக்கத்து வீட்டு இரும்பு கேட் வளைந்தது. “இதெல்லாம் ஒரு வண்டியா!” என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியில் குற்றமில்லை, கால் பழகிவிட்டது.

விண்டோஸிலிருந்து மேக்குக்குப் போகிறவருக்குக் கையில் இதேதான் நடக்கும். காப்பி எடுக்கக் கண்ட்ரோல் பட்டனைத் தேடும் விரல், கமாண்ட் பட்டனுக்குப் பழக இரண்டு வாரம் ஆகும். மூடுகிற பட்டன் வலது மூலையிலிருந்து இடது மூலைக்குப் போயிருக்கும். அந்த இரண்டு வாரத்துக்குள் பாதிப் பேர் ‘இது சரியில்லை’ என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

கைப் பழக்கத்தைவிடப் பெரிய வேலி, நீங்கள் சேர்த்து வைத்தது. படங்கள் ஒரு கணக்கில், வாங்கிய ஆப்புகள் ஒரு கடையில், கைக்கடிகாரம் அந்த ஃபோனோடு மட்டும் பேசும். ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டோடு சேராது. பெண்ணைக் கொடுத்த இடத்தில் மறுபடி பெண் எடுக்கிற மாதிரி, அடுத்ததையும் அங்கேயே வாங்க வேண்டியிருக்கும். நம் ஊரில் பெரிய தடை வாட்ஸப் பேச்சுகள்தான். 2021-ல் ஐஃபோனிலிருந்து சாம்சங்குக்கும், 2022-ல் ஆண்ட்ராய்டிலிருந்து ஐஃபோனுக்கும் அவற்றைக் கொண்டுபோகும் வழி வந்தது. அதற்கு முன்னால், இறந்துபோன கணவர் அனுப்பிய குரல் செய்திகள் போய்விடும் என்று ஒரு அம்மா மூன்று வருடம் ஃபோனை மாற்றவே இல்லை. பேட்டரியை மட்டும் இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தேன். அவரைப் பிராண்டு விசுவாசி என்று யாராவது கணக்கில் சேர்த்திருப்பார்கள்.

மெசேஜ் பச்சையாக வந்தால் அவமானம் என்கிறார்களே?

அது அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் பிரச்சினை. ஐஃபோனுக்கு ஐஃபோன் போனால் நீலம், மற்றதற்குப் பச்சை. நம் ஊரில் எஸ்எம்எஸ் என்பது வங்கி ஓடிபி வருகிற இடம். அடுத்த கேள்வி.

என் பையன் ஐஃபோன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். என்ன செய்ய?

மர்ஃபி டவுனிலிருந்து ஒரு ஆட்டோ டிரைவர் அண்ணன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் முதலாம் ஆண்டு பி.காம்.

“நல்ல கேமரா வேணுமாம்மா இவனுக்கு.”

“கேமராவுக்கா தம்பி?”

பையன் அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “இல்லக்கா. குரூப் ஃபோட்டோ எடுக்கறப்ப எல்லாரும் ‘ஐஃபோன் யாருகிட்ட இருக்கு’ன்னு கேப்பாங்க. என் ஃபோன யாரும் கேக்க மாட்டாங்க.”

இதற்கு மெகாபிக்சல் கணக்கு சொல்லி என்ன பயன்? அவன் கேட்டது ஃபோன் இல்லை, அந்த வட்டத்துக்குள் ஓர் இடம். அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. அந்த வயதில் நானும் ஒரு செருப்புக்காக அழுதிருக்கிறேன். செகண்ட் ஹேண்ட் ஐஃபோன் பற்றிச் சொன்னேன்: பேட்டரி ஹெல்த் எத்தனை சதவீதம் பாருங்கள், ஆப்பிளின் ஐக்ளவுட் கணக்கிலிருந்து பழைய ஆள் வெளியேறிவிட்டாரா என்று கண் முன்னால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள், செட்டிங்ஸில் பாகங்கள் பற்றிய விவரத்தைத் திறந்து பாருங்கள். ஐஃபோன் 11 முதல், வேறு டிஸ்ப்ளே போட்டிருந்தால் அங்கே காட்டிக்கொடுத்துவிடும். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எங்க காலத்துல நோக்கியா 1100, டார்ச் லைட்டு இருந்தாப் போதும்” என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். வாங்கினார்களா இல்லையா தெரியாது.

‘நம் ஊரில் செய்தது’ என்று பார்த்து வாங்கலாமா?

இரண்டு கட்சிக்கும் அது உண்டு. இந்தியாவில் முதலில் பூட்டிய ஐஃபோன் 2017-ல் இங்கே பீன்யாவில் வெளிவந்தது. இப்போது ஆப்பிளுக்காகப் பூட்டித் தருவது தேவனஹள்ளியில் பாக்ஸ்கான், ஓசூர் பக்கத்தில் டாடா எலெக்ட்ரானிக்ஸ், ஸ்ரீபெரும்புதூரில் மறுபடி பாக்ஸ்கான். சாம்சங் 2018-ல் நொய்டா ஆலையை விரிவாக்கித் திறந்தபோது உலகிலேயே பெரிய மொபைல் ஆலை என்றது. ஐஃபோனுக்குக் கூடு செய்கிற ஆலையில் வேலை பார்க்கும் கிருஷ்ணகிரிப் பெண் ஒருத்தி லீவில் அக்கா வீட்டுக்கு வந்தபோது கடைக்கு வந்தாள். கையில் ரெட்மி. டெம்பர் கிளாஸ் ஒட்டச் சொன்னாள். ஐஃபோன் பிடிக்காதா என்றேன். “நாள் முழுக்க அதத்தானக்கா பாக்கறேன்” என்றாள்.

ஷாவ்மி, ஒன்பிளஸ் ரசிகர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

2014-ஐ மறக்க முடியாது. ஷாவ்மியின் மி 3 ஃபிளிப்கார்ட்டில் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் விற்பனை. ஐடி கம்பெனிகளில் மீட்டிங்கை நிறுத்திவிட்டு, பக்கத்தைப் புதுப்பிக்க எஃப்5 தட்டிக்கொண்டிருந்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். ஒன்பிளஸ் இன்னும் ஒருபடி மேலே: காசு இருந்தால் போதாது, அழைப்பு வேண்டும். கல்யாணப் பத்திரிகை மாதிரி ‘இன்வைட் இருக்கா’ என்று கேட்டு அலைந்தார்கள். கிடைப்பதற்கு அரிதாக்கினால் வாங்கியவர் தன்னைத் தேர்ந்தெடுக்கப்பட்டவராக நினைப்பார், சம்பளமில்லாத விற்பனையாளர் ஆவார். அந்த வித்தையை நன்றாகச் செய்தார்கள்.

அப்புறம் கடை எல்லாத் தெருவிலும் வந்துவிட்டது. பிரிகேட் ரோட்டில் 2017-ல் ஒன்பிளஸ் கடை திறந்தது, 2018-ல் அங்கிருந்த பழைய ஆபரா ஹவுஸ் கட்டிடத்தில் சாம்சங் வந்து உட்கார்ந்தது, 2025 செப்டம்பரில் ஹெப்பால் பக்கம் ஆப்பிளின் சொந்தக் கடை. யாரும் போய் வாங்கலாம் என்று ஆன பின், ஒன்பிளஸ்காரர்களிடம் பழைய வேகம் இல்லை. “முன்ன மாதிரி இல்லக்கா” என்கிறார்கள். ஃபோன் என்னவோ முன்னைவிட நன்றாகத்தான் இருக்கிறது.

விண்டோஸ் வேண்டாம் என்று இலவச லினக்ஸ் போட்டுக்கொள்ளும் லினக்ஸ்காரர்கள்?

என் கடைக்கு வரமாட்டார்கள். அவர்களே சரி செய்துகொள்வார்கள்.

தமிழ் எழுத எது நல்லது?

இப்போது எல்லாவற்றிலும் நன்றாக வருகிறது. ஒரு காலத்தில் ஆண்ட்ராய்டில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். ஐஃபோனில் 2013-ல் ஐஓஎஸ் 7 வந்தபோதுதான் தமிழ் விசைப்பலகை உள்ளேயே வந்தது. ஆனால் இங்கேயும் கட்சி உண்டு. 1999 சென்னை மாநாட்டில் தரப்படுத்திய தமிழ் 99 விசைப்பலகை ஒரு கட்சி, ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிற கட்சி இன்னொன்று, பழைய தட்டச்சுக் கட்சி மூன்றாவது. சிவாஜிநகரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஐயா ஒருவர், பழைய தட்டச்சு முறை சரியாக வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு புது லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தார். கம்பெனி ரசிகர்களைவிட விசைப்பலகை ரசிகர்கள் பிடிவாதக்காரர்கள், பார்த்துவிட்டேன்.

கம்பெனி தப்பு செய்தாலும் ரசிகர் ஏன் விட்டுக்கொடுப்பதில்லை?

2010-ல் ஐஃபோன் 4-ஐ ஒரு விதமாகப் பிடித்தால் சிக்னல் விழுந்தது. பிடிப்பதை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. 2016-ல் சாம்சங் நோட் 7 பேட்டரி தீப்பிடித்து, விமானத்தில் அதை இயக்கவே தடை வந்தது, இரண்டு மாதத்தில் அந்த மாடலையே நிறுத்தினார்கள். அப்படியும் அடுத்த நோட்டுக்குக் காத்திருந்தார்கள். 2017 டிசம்பரில், பேட்டரி தேய்ந்த பழைய ஐஃபோன்களைத் தாங்களே மெதுவாக ஓடவைப்பதை ஆப்பிள் ஒத்துக்கொண்டது. பேட்டரி மாற்றும் விலையை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29-க்குக் குறைத்தார்கள். கோபப்பட்டவர்களில் பெரும்பாலோர் பேட்டரி மாற்றிக்கொண்டு அங்கேயே இருந்தார்கள்.

எனக்கும் அனுபவம் உண்டு. நான் ஆறு வருடம் மெச்சிக்கொண்டிருந்த ஒரு லேப்டாப் பிராண்டு. பெயர் வேண்டாம். பேட்டரி வீங்கி, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தது. வாரண்டி முடிய 11 நாள் இருந்தது. சர்வீஸ் சென்டரில் ‘நீங்களே திறந்திருக்கிறீர்கள்’ என்றார்கள். தொழில்காரி என்பதால் சந்தேகம்! நான் திறக்கவில்லை. மூன்று தடவை போய் வந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில், ஒருவேளை வெயிலில் வைத்துவிட்டேனோ, சார்ஜரில் அதிகநேரம் விட்டுவிட்டேனோ என்று அவர்களுக்காக நானே வாதாடிக்கொண்டிருந்தேன். அல்சூர் ஏரி தாண்டும்போதுதான் உறைத்தது. பத்து பேருக்கு அதையே சிபாரிசு செய்திருந்தேன். அது மோசம் என்றால் அந்தப் பத்து பேருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும்.

கடைசியாக, அக்கா எந்தக் கட்சி?

என் ஃபோனின் பின்பக்கம் லோகோ இருக்கும் இடத்தில் முருகன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். பக்தி பாதி, வியாபாரம் பாதி. லோகோ தெரிந்தால் எதிர்க்கட்சிக்காரர் நான் சொல்லும் விலையையும் சந்தேகப்படுகிறார். கேமரா அமைப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற கில்லாடிகள் இருப்பதால் தடியான உறையும் போட்டிருக்கிறேன்.

போன வாரம் ஒருவன், நான் உள்ளே ஐசி சிப் ஒன்றை எடுக்கப் போன நேரம், கவுண்டரில் இருந்த ஃபோனை எடுத்து நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். திரும்பி வந்ததும் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான்.

“சும்மாக்கா. நம்மாளான்னு பாத்தேன்.”

வேலின் நுனி கொஞ்சம் கிழிந்திருக்கிறது. புது ஸ்டிக்கர் வாங்க வேண்டும்.